மூன்றை ஒன்றாக்கிய சைக்கிள்

சைக்கிளிலிருந்து விழுந்து கையை ஒடித்துக்கொண்டிருந்தால் அதில் ஒரு மரியாதை இருந்திருக்கும். நான் விழுந்தது வீட்டுக்குப் பின்னால், துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில், பாசியில் வழுக்கி. கையில் ஒரு வாளி இருந்தது. வாளிக்கு ஒன்றும் ஆகவில்லை, என் இடது மணிக்கட்டு உடைந்துவிட்டது. பார்க்க வந்தவர்கள் எல்லாரும் யானைக்கும் அடி சறுக்கும் என்று ஆறுதல் சொன்னார்கள். சொல்வதற்கு முன் என் உடம்பை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் சொன்னார்கள்.

கட்டுப் பிரித்து, பயிற்சிக்கென்று குன்னூருக்கு நடையாய் நடந்து, நாலு விரல் ஒழுங்காக வந்து சேர்ந்தன. கட்டைவிரல் மட்டும் வரவில்லை. மடங்கும், நீளும், பார்க்க லட்சணமாக இருக்கும். அழுத்தத்தான் முடியாது. "பலம் வந்தா உண்டுங்க, இல்லீன்னா பழகிக்கோணும்" என்றார் டாக்டர். பழகிக்கொண்டேன். டிபன் பாக்ஸ் கிளிப்பை வலது கையாலேயே திறக்கப் பழகினேன். தேங்காய் துருவும்போது மூடியைப் பிடித்துக்கொள்ள வீட்டுக்காரரைக் கூப்பிடப் பழகினேன். சைக்கிளின் இடது கியருக்கு மட்டும் எந்தப் பழக்கமும் எடுபடவில்லை.

என்னுடையது மலைச் சைக்கிள். தடித்த டயர், முன்னால் ஸ்பிரிங், டிஸ்க் பிரேக். மிதிக்கிற இடத்தில் சின்னது, நடுத்தரம், பெரியது என்று மூன்று பல்சக்கரம், பின் டயரில் ஒன்பது. பின்னால் இருப்பதை வலது கை மாற்றும், முன்னால் இருப்பதை இடது கை. இடது கைப்பிடிக்குக் கீழே இரண்டு லீவர் இருக்கும். ஆள்காட்டி விரலால் ஒன்றைத் தட்டினால் செயின் சின்னச் சக்கரத்துக்கு இறங்கும். கட்டைவிரலால் மற்றதை அழுத்தித் தள்ளினால் பெரியதற்கு ஏறும். எனக்குத் தட்ட முடியும், தள்ள முடியாது. ஆக, ஏற்றத்துக்காக ஒருமுறை கீழே இறக்கினால் அதோடு சரி. பிறகு சமதளத்தில் கால் தையல் மெஷின் மிதிக்கிற மாதிரி கடகடவென்று சுற்றும், சைக்கிள் நகராது. வெலிங்டன் கடைத்தெருவில் நான் அப்படிச் சுற்றிக்கொண்டு போனபோது, காய்கறிப் பையோடு நடந்து வந்த ஓர் ஆள் என்னைத் தாண்டிப் போனார். போனவர் திரும்பிப் பார்த்துச் சிரிக்கவும் செய்தார். அந்த முகம் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. எங்கேயாவது அகப்படாமலா போவார்.

வீடு ஜெகதளாவில். வேலை வெலிங்டனில், ராணுவ அலுவலகம் ஒன்றில் சிவிலியன் கிளார்க். காலையில் போவது அநேகமாக முழுக்க இறக்கம், அலுவலகத்துக்கு முன்னால் மட்டும் ஒரு சின்ன மேடு. சாயங்காலம் வருவது முழுக்க ஏற்றம். சர்க்கரை வந்த புதிதில் டாக்டர் நடக்கச் சொன்னார். நடந்து நடந்து அலுத்துப்போய்ச் சைக்கிள் வாங்கினேன். இந்த வயதில் உனக்கெதற்கு என்று கேட்காதவர்கள் இல்லை. சர்க்கரைக்காக என்று சொல்லிக்கொண்டேன், அது பாதிதான் உண்மை. பஸ்ஸில் போனால் பஸ்காரர் நேரம். வீட்டுக்காரர் வண்டியில் போனால் அவர் நேரம். சமையல்கட்டில் இருந்தால் அடுப்பு நேரம். அந்த ரோட்டில், அந்தச் சைக்கிளில் மட்டும்தான் என் நேரம் ஓடும். இதை யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால், அதற்கென்ன, வீட்டிலேயே கொஞ்ச நேரம் தனியாக உட்கார் என்பார்கள்.

வீட்டுக்காரர் சொந்தமாகப் பிக்கப் வைத்திருக்கிறார். சிறு விவசாயிகளிடம் பச்சைத் தேயிலை எடுத்து ஃபேக்டரிக்குக் கொண்டுபோய்ப் போடுவது தொழில். கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர், என்னைக் கட்டிக்கொண்ட பிறகுதான் மலைக்கு வந்தார். நான் விழுந்த அன்று அவர் ஃபேக்டரி வாசலில் இலை இறக்க வரிசையில் நின்றிருந்தார். அங்கே சிக்னல் கிடைக்காது. பக்கத்து வீட்டு அம்மா கறிவேப்பிலை பறிக்க வரும்வரை நான் அந்தக் கல்லடியிலேயே தூறலில் கிடந்தேன். என் போனில் அவருக்குப் போட்ட அழைப்புகளை ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து அவர் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். அன்றிலிருந்து என்னைக் கண்ணாடிச் சாமான் மாதிரி பார்க்க ஆரம்பித்தார். எனக்கு அது பிடிக்கவில்லை.

"ஏம்புள்ள, பேசாம சைக்கிளைக் குடுத்தர்லாமா? காலைல நானே கொண்டாந்து உட்டர்றேன்" என்றார் ஒருநாள்.

"உங்க வண்டியில பொழுதன்னைக்கும் பச்சை இலை வாசம். ஆபீஸ்ல எம்பக்கத்துல உக்கார்றவங்க எல்லாம் டீ குடிக்க எந்திரிச்சுப் போயிருவாங்க."

"கழுவி வெக்கறேன்."

"வேண்டாங்க."

"கை இப்புடி இருக்கறப்ப எதுக்கு இந்த வீம்பு?"

வீம்பு என்றதும் எனக்குச் சுர்ரென்று வந்தது. அன்று ராத்திரிச் சாப்பாட்டில் ரசம் மட்டும்தான்.

வழி கிடைத்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. விடுமுறை நாளில் கோயம்புத்தூரிலிருந்து பையன்களும் பெண்களும் விலையுயர்ந்த சைக்கிள்களில் மேலே ஏறி வருவார்கள். அருவங்காட்டு டீக்கடையில் அப்படி நாலைந்து சைக்கிள்கள் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. பார்த்தால் ஒன்றிலும் இடது பக்கம் கியர் லீவர் இல்லை. முன்னால் ஒரே ஒரு பல்சக்கரம்தான். அதில் வந்தவர்களில், டீயை ஆற்றிக் குடித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம் இடது கியர் எங்கே என்று கேட்டேன். "இப்பல்லாம் முன்னால ஒண்ணுதான் ஆண்ட்டி. பழசுலகூட மாத்திக்கலாம்" என்றாள். ஆண்ட்டி என்றது உறுத்தியது. என்றாலும் மாற்றிக்கொள்ளலாம் என்ற சொல் காதில் தேனாக விழுந்தது. மூன்றில் இரண்டைக் கழற்றி எறிந்துவிட்டால் இடது கட்டைவிரலுக்கு வேலையே இல்லை. பிரேக் பிடிக்க ஒரு விரல் போதும், அந்த விரல் என்னிடம் இருக்கிறது.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். பிக்கப்பை முக்கால்வாசி அவரே பிரித்து மாட்டுகிறவர். கொஞ்ச நேரம் சைக்கிளைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"மாத்திக் குடுக்கறேன்" என்றார். "ஆனா ஒண்ணு. மாத்துன பொறவு ஒரு தடவ அது உன்னைய நடு ரோட்டுல நிறுத்துச்சுன்னா, அன்னைக்கே வித்துருவேன். நீ ஒரு வார்த்த பேசப்படாது."

"பேச மாட்டேன்" என்றேன். வேறு வழி.

அவர் வாக்கைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பல வருஷத்துக்கு முன் பக்கத்து ஃபேக்டரியில் எடைக்காகச் சண்டை வந்தது. இனி உங்கள் வாசலில் என் டயர் படாது என்று சொல்லிவிட்டு வந்தார். அந்த ஃபேக்டரி கைமாறி, சண்டை போட்டவர்கள் எல்லாம் போய்ச் சேர்ந்து, புது ஆட்கள் வீடு தேடி வந்து கூப்பிட்டும் பார்த்தார்கள். இன்றைக்கும் அதைத் தாண்டி மலையைச் சுற்றிக்கொண்டு தூரத்து ஃபேக்டரிக்குத்தான் இலை கொண்டுபோகிறார். டீசல் யார் அப்பன் வீட்டுது என்று நான் கத்தாத நாளில்லை. சொன்னால் சொன்னதுதான் அவருக்கு.

அடுத்த ஞாயிறு வாசலில் சாக்கை விரித்துச் சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்தோம். முதலில் மிதிக்கட்டையின் கையைக் கழற்ற வேண்டும், அப்போதுதான் உள்ளே இருக்கிற சின்னச் சக்கரத்தின் போல்ட் தெரியும். அந்தக் கையை இழுத்து எடுக்கத் தனியாக ஒரு கருவி உண்டு. அது எங்களிடம் இல்லை. அவர் சுத்தியலைத் தேடிக்கொண்டு போனார்.

"அதுல சுத்தியல் பட்டுச்சுன்னா நான் எங்க அம்மா ஊட்டுக்குப் போறனுங்க" என்றேன்.

"உங்க அம்மா ஊடு மூணாவது வீதிதான். போயிட்டுச் சோத்துக்கு வந்துரு."

ஆனாலும் சுத்தியலை வைத்துவிட்டார். கருவி கூரியரில் வந்து சேரும்வரை சைக்கிள் கவிழ்ந்தபடியே கிடந்தது. வந்த அன்று சாயங்காலமே வேலையை ஆரம்பித்தோம். திருகத் திருக, மிதிக்கட்டையின் கை முனகிக்கொண்டு வெளியே வந்தது. வெளியில் இருந்த பெரிய சக்கரத்தையும் உள்ளே இருந்த சின்னதையும் கழற்றினார். எதை வைத்துக்கொள்வது என்பதில் சண்டை வந்தது. அவருக்குச் சின்னது வேண்டும், ஏற்றத்துக்கு லேசாக இருக்கும் என்று. எனக்கு நடுத்தரம்தான் வேண்டும், மறுபடி தையல் மெஷின் மிதிக்க நான் தயாரில்லை. என் பேச்சுதான் எடுபட்டது. நடுச்சக்கரத்தை மாட்டினால் ஆடியது. முன்பு இரண்டு சக்கரத்தைச் சேர்த்துப் பிடித்த போல்ட், ஒன்றுக்கு நீளம் கூடிவிட்டது. பிக்கப் டப்பாவிலிருந்து வாஷர் தேடி எடுத்து, அரத்தில் ராவி, இடையில் கொடுத்து இறுக்கினார். ஆட்டம் நின்றது. செயினில் இரண்டு கண்ணியைக் குறைத்தார்.

அப்புறம், செயினைச் சக்கரத்துக்குச் சக்கரம் தள்ளிக்கொண்டிருந்த சின்ன இரும்புக் கூண்டு. இனி தள்ளுவதற்கு எதுவும் இல்லை, அதையும் எடுத்தோம். ஒயரை உருவினோம். கடைசியில் இடது கைப்பிடியிலிருந்து அந்த லீவரைக் கழற்றினார். கழற்றி என் கையில் கொடுத்தார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், குழந்தைப் பேறு தவிர இவ்வளவு சந்தோஷம் எனக்கு வேறு எதிலும் வந்ததில்லை. அதை நேராகக் கொண்டுபோய்ப் பழைய இரும்புச் சாக்கில் போட்டேன்.

இனிச் சோதிக்க வேண்டும். நாங்கள் சோதித்த லட்சணத்தை இன்று நினைத்தாலும் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. இந்த மலையில் எந்த வண்டியைப் பற்றியும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: ஏத்தம் இழுக்குதா? பழைய ஜீப் வாங்குகிறவர் பிரேக்கைக் கேட்க மாட்டார், ஏத்தம் இழுக்குமா என்பார். புது ஸ்கூட்டர் எடுத்தவரைப் பார்த்தாலும் அதே கேள்வி. இழுத்தால் நல்ல வண்டி, இழுக்காவிட்டால் தகரம். இறக்கம் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. "எறக்கத்துல கல்லுகூடத்தான் போகும்" என்பார் வீட்டுக்காரர்.

ஆகவே சைக்கிளைப் பிக்கப்பில் ஏற்றி, என்னையும் ஏற்றி, ஏற்றம் ஆரம்பிக்கிற அடிவளைவு வரை கொண்டுபோய் இறக்கினார். நான் அங்கிருந்து வீடுவரை மிதித்து ஏறினேன். அவர் பின்னாலேயே வண்டியை ஊர விட்டு வந்தார். மேலே வந்ததும் மறுபடி சைக்கிளைப் பிக்கப்பில் ஏற்றி, கீழே கொண்டுபோய், மறுபடி மிதிக்க வைத்தார். அடுத்த தடவை முதுகுப் பையில் அரிசியும் உருளைக்கிழங்கும் வைத்து மிதிக்கச் சொன்னார். மூச்சு வாங்கியது, நாக்கு வெளியே வந்தது, ஆனால் இடையில் காலை ஊன்றவில்லை. பக்கத்து வீட்டு அம்மா கேட்டுக்குப் பக்கத்தில் நின்று, "ஏனுங்க, ஏத்தம் இழுக்குதுங்களா?" என்று கேட்டார். "நல்லா இழுக்குதுங்க" என்றார் வீட்டுக்காரர், தானே மிதித்தவர் மாதிரி. எல்லாருக்கும் திருப்தி. அந்தச் சைக்கிள் இறங்கின தூரம் முழுக்கப் பிக்கப்பின் முதுகில் இறங்கியது என்பது எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை.

திங்கட்கிழமை காலையில் கிளம்பினேன். நல்ல வெயில். இறக்கத்தில் மிதிக்க வேண்டிய அவசியமில்லை, பிரேக்கில் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் போதும். இடது கட்டைவிரல் கைப்பிடியைச் சும்மா பிடித்துக்கொண்டிருந்தது, அதனிடம் யாரும் எதையும் கேட்கவில்லை. அடிவளைவுக்கு முன்னால் வரிசையாக வேகத்தடைகள் போட்டிருக்கிறார்கள். டக்டக்கென்று குலுங்கிக்கொண்டு தாண்டினேன். வளைவு தாண்டிய பிறகு மிதித்தேன். கால் வெறுமனே போனது. படிக்கட்டு முடிந்தது தெரியாமல் இன்னொரு படி இறங்குவோமே, அப்படி. சமாளித்து நிறுத்திக் குனிந்து பார்த்தால், செயின் சக்கரத்தை விட்டுக் கழன்று தொங்கிக்கொண்டிருந்தது.

எனக்கு முதலில் வந்த நினைப்பு செயினைப் பற்றியது இல்லை. யாராவது பார்த்தார்களா என்று ரோட்டின் இரண்டு பக்கமும் பார்த்தேன். யாரும் இல்லை. வலது கையால் செயினைத் தூக்கிப் பல்லில் கோத்து, மிதிக்கட்டையைச் சுற்றினேன். ஏறிக்கொண்டது. விரலெல்லாம் கரி. தேயிலையைப் பறித்துக் கையைத் தேய்த்துத் துடைத்தேன். அலுவலகத்தில் சோப்புப் போட்டுக் கழுவினேன். சாயங்காலம் ஏற்றத்தில் ஒரு பிரச்சினையும் இல்லை.

"எப்புடி இருந்துச்சு?" என்று கேட்டார்.

"நல்லா ஏத்தம் இழுக்குதுங்க" என்றேன். அதில் பொய் ஒன்றும் இல்லை.

மறுநாளும் விழுந்தது, அதே இடத்தில். அதற்கடுத்த நாள் விழவில்லை, அப்பாடா என்றிருந்தேன். அடுத்த நாள் இரண்டு தடவை விழுந்தது. முன்னால் மூன்று பல்சக்கரம் உள்ள சைக்கிளில் நடுச்சக்கரத்தின் பல்லைக் குட்டையாகத்தான் வெட்டியிருப்பார்கள், செயின் சுலபமாகக் கழன்று பக்கத்துச் சக்கரத்துக்குப் போவதற்கு. கழன்று போவதற்கென்றே செய்த பல் அது. இத்தனை நாள் அதைப் போகவிடாமல் பிடித்து வைத்திருந்தது அந்தக் கூண்டு. அதைத்தான் நாங்கள் வேண்டாமென்று கழற்றிவிட்டோம். ஏற்றத்தில் காலின் இழுப்பு இருப்பதால் செயின் விறைப்பாக நிற்கும். இறக்கத்தில் இழுப்பு கிடையாது. ஒரு குலுக்கல் போதும், தாவிவிடும். இதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. அப்போது எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: சரி செய்யச் சொல்லி வாயைத் திறந்தால் சைக்கிள் போய்விடும்.

பையில் ஒரு பழைய துணி வைத்துக்கொண்டேன். பிறகு ஒரு ரப்பர் கையுறையும். வேகத்தடை வரும்போது இறங்கித் தள்ளிப் பார்த்தேன். இறக்கத்திலும் விடாமல் மிதித்துப் பார்த்தேன். விழுகிறது விழுந்துகொண்டுதான் இருந்தது. சாமி கும்பிடும்போதுகூடச் செயின் ஞாபகம். எனக்குப் பயமாக இருந்தது. சைக்கிள் போய்விடுமே என்பதைவிட, போன பிறகு வரப்போகிற நாட்களை நினைத்துத்தான் பயம். காலையில் அவர் கதவைத் திறந்துவிட, நான் ஏறி உட்கார, சாயங்காலம் அவர் வரும்வரை வாசலில் காத்து நிற்க, அப்படியே கொஞ்சம் கொஞ்சமாகக் கண்ணாடிச் சாமானாகவே ஆகிவிடுவேன் என்று தோன்றியது.

அந்த நாட்களில் வீட்டுக்காரரும் காலையில் எனக்கு முன்னால் கிளம்ப ஆரம்பித்திருந்தார். தேயிலை மதியத்துக்கு மேல்தான் எடைக்கு வரும், காலையில் அவருக்கு வேலையே கிடையாது. காற்று அடிக்க வேண்டும் என்பார், டீசல் போட வேண்டும் என்பார். எனக்கும் நல்லதாகப் போயிற்று என்று விட்டுவிட்டேன். கரித்துணியைப் பையில் வைக்க வசதி.

இப்படியே ஓட்டிக்கொண்டிருந்தபோது ஒரு காலையில் மூடுபனி, கூடத் தூறல். வேகத்தடையில் இந்தத் தடவை செயின் உள்பக்கமாக விழுந்து, சக்கரத்துக்கும் சட்டத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. இழுத்தேன், வரவில்லை. ஒரு கையால் மிதிக்கட்டையைப் பின்னால் சுற்றிக்கொண்டே மறு கையால் செயினைக் கிள்ளிப் பிடித்து இழுக்க வேண்டும். கிள்ளிப் பிடிக்கக் கட்டைவிரல் வேண்டும். கையை மாற்றி மாற்றிப் பார்த்தேன். செயினைத் திட்டினேன், விரலைத் திட்டினேன். துவைக்கிற கல்லைக்கூடத் திட்டினேன்.

திட்டிக்கொண்டே நிமிர்ந்தால், கீழ்ப்பக்கத் தேயிலைக்குள்ளிருந்து காட்டெருமை ஒன்று ரோட்டில் ஏறி நின்றது. ஒற்றைக் காளை. கூட்டமாக வருவது பிரச்சினை இல்லை, ஒற்றையைத்தான் நம்பக் கூடாது. அது என்னைப் பார்த்தது. இறக்கத்தில் ஏறி உட்கார்ந்து விட்டுவிடலாம் என்றால் இறக்கத்தின் நடுவில்தான் அது நிற்கிறது. மேலே ஏறித் தப்பிக்கலாம் என்றால் மிதிக்கச் செயின் இல்லை. சைக்கிளை எனக்கும் அதற்கும் நடுவில் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றேன்.

அப்போது கீழ் வளைவிலிருந்து பிக்கப் சத்தம் கேட்டது. எங்கள் வண்டியின் சத்தம் எனக்குத் தூக்கத்தில்கூடத் தெரியும். பனிக்குள்ளிருந்து விளக்கு வந்தது. ஹாரன் அடிக்காமல், மெதுவாக ஊர்ந்து, ரோட்டோரமாக வந்து எனக்கும் காட்டெருமைக்கும் நடுவில் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார். அது இன்னும் கொஞ்ச நேரம் யோசித்தது. பிறகு எதிர்ப்பக்க மேட்டில் ஏறி, கேரட் தோட்டத்துக்குள் போய்விட்டது.

அவர் இறங்கினார். என்னைப் பார்த்தார். செயினைப் பார்த்தார். சைக்கிளைத் தூக்கிப் பிக்கப்பில் போட்டார்.

"ஏறு" என்றார்.

ஏறினேன். வெலிங்டன் போய்ச் சேரும்வரை இரண்டு பேரும் பேசவில்லை. பேச மாட்டேன் என்று நான்தான் வாக்குக் கொடுத்திருந்தேனே. அலுவலக கேட்டில் இறக்கிவிட்டபோது, "சாயங்காலம் பஸ்ல வந்துரு" என்றார். சைக்கிளோடு வண்டி திரும்பிப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அன்று முழுக்க யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. பக்கத்து நாற்காலிக்காரி வீட்டில் ஏதாவது விசேஷமா என்று கேட்டாள். ஆமாம், எழவு என்றேன். அவள் பதறிப்போய் எழுந்துவிட்டாள், பிறகு சமாதானம் சொல்ல வேண்டியதாயிற்று. மத்தியானச் சோறு இறங்கவில்லை. குன்னூரில் பழைய சைக்கிள் வாங்குகிறவர்கள் யார் யார் என்று மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். எனக்கு அவர்மேல் ஆத்திரமாகவும் வந்தது, வாக்குக் கொடுத்தவள் என்ற முறையில் அந்த ஆத்திரத்துக்கு நியாயம் இல்லை என்பதும் தெரிந்தது. நியாயமில்லாத ஆத்திரம்தான் ரொம்ப நேரம் எரிகிறது.

சாயங்காலம் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். ஸ்டாப்பிலிருந்து மேடேறி நடந்தேன். பேசக் கூடாது என்பதால் கேட்டைத் திறக்கும்போதே சத்தமாகத் திறந்தேன்.

வாசலில் சைக்கிள் நின்றுகொண்டிருந்தது. அவர் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். முன்னால் இருந்தது எங்கள் பழைய நடுச்சக்கரம் இல்லை. கறுப்பாக, புதிதாக ஒன்று. குனிந்து பார்த்தேன். பல் உயரமாக இருந்தது. ஒரு பல் தடிமன், அடுத்தது மெல்லிசு, மறுபடி தடிமன், மறுபடி மெல்லிசு. செயினின் அகலக் கண்ணிக்குத் தடிப்பல்லும் குறுகின கண்ணிக்கு மெல்லிய பல்லும் அச்சாகப் பொருந்தியிருந்தன. விரலால் இழுத்துப் பார்த்தேன். செயின் நகரவில்லை.

"இது எப்ப வாங்குனீங்க?" என்றேன். வாக்கு போயிற்று.

"போன வாரமே வந்துருச்சு. வண்டி சீட்டுக்கு அடியில கெடந்துச்சு. நீ இல்லாத நேரம் மாட்டிரலாம்னு பாத்தேன். ஞாயித்துக்கெழமகூட இதைய உட்டு நகர மாட்டேங்கறயே."

"அப்ப உங்களுக்கு முன்னமே தெரியுமா?"

"மொத நாளே பாத்தேன். கீழ் வளைவுல உன்ற கண்ணுல படாம வண்டிய ஓரங்கட்டிட்டு நின்னுட்டிருந்தேன். நீ செயினை மாட்டிட்டு, கையைத் தொடச்சுட்டுப் போனே."

"தெனமுமா நின்னீங்க?"

அவர் துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தார்.

"பாத்தவரு என்கிட்ட ஒரு வார்த்த சொல்றதுதானுங்களே?"

"சொன்னா விக்கோணும்ல" என்றார்.

வாயை மூடிக்கொண்டு உள்ளே போயிருக்க வேண்டும். போகாமல், "இன்னைக்கு நின்னுருச்சே. நடு ரோட்டுல நின்னுருச்சே" என்று நானே எடுத்துக் கொடுத்தேன்.

"காட்டெருமை வந்துச்சு, நின்னே. அதுக்குச் சைக்கிள் என்ன பண்ணும்?" என்றார், முகத்தை நிமிர்த்தாமல். செயினைத் தடவிக்கொண்டே, "கல்லடியில கெடந்தியே அன்னைக்கு, அந்த நெனப்பு போக மாட்டேங்குது புள்ள. பயமா இருக்குது. அதுக்காக உன்ற வண்டியப் புடுங்கிட்டா சரியாயிருமா" என்றார்.

இத்தனை வருஷத்தில் பயம் என்ற சொல்லை அவர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. என்ன சொல்வதென்று தெரியாமல், தெரிந்ததைக் கேட்டேன்.

"ஏத்தம் இழுக்குதுங்களா?"

"ஏத்தத்துல பாக்கல. வளைவு வரைக்கும் எறக்கித்தான் பாத்தேன். வேகத்தடையில வேகத்தைக் கொறைக்காம உட்டேன். பொறவு மேல தள்ளிட்டு வந்து மறுக்கா உட்டேன்."

"யாரு ஓட்டுனா?"

அவர் எழுந்து துணியை உதறினார். அப்போதுதான் பார்த்தேன். கல்யாணமான நாளிலிருந்து அவர் சைக்கிளில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. ஸ்வெட்டரின் இடது கை முழங்கையில் கிழிந்திருந்தது. கிழிசலுக்குள் கைக்குட்டையைச் சுற்றிக் கட்டியிருந்தார், அதில் ரத்தம் ஊறியிருந்தது. வேட்டியில் இடுப்புவரை சேறு.

"உழுந்தீங்களா?" என்றேன்.

"செயின் உழுகல" என்றார்.